ஓசிடிக்கு ஆன்லைன் சிகிச்சை: வீடியோவா, பாடத்திட்டமா, சாட்டா, நேரிலேயே போவதா?

ஓசிடிக்கு, அதாவது வேண்டாத எண்ணங்களும் அவற்றைத் தணிக்கச் செய்யும் செயல்களும் திரும்பத் திரும்ப வந்து பிடித்துக்கொள்ளும் மனநலக் கோளாறுக்கு, சிகிச்சை தேட ஆரம்பிப்பவர் முன்னால் இன்று ஐந்து வழிகளாவது இருக்கின்றன. நேரில் போய்ப் பார்க்கலாம். வீடியோ அழைப்பில் பார்க்கலாம். சிகிச்சையாளர் ஒருவர் துணையோடு இணையப் பாடத்திட்டம் ஒன்றை முடிக்கலாம். யார் துணையும் இல்லாமல் ஒரு ஆப்பை மட்டும் வைத்துக்கொண்டு முயலலாம். சாட்டில் கவுன்சலிங் பெறலாம். விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்: வீட்டிலிருந்தே, எந்த நேரமும், தகுதி பெற்ற நிபுணர்கள். ஆனால் இவை ஒரே சரக்கு அல்ல. இவற்றில் ஒன்று ஓசிடியை வளர்த்துவிடவும் கூடும். பணமும் நேரமும் வீணாவது ஒரு பக்கம். ‘சிகிச்சை எடுத்துப் பார்த்தேன், எனக்குப் பலிக்கவில்லை’ என்று ஒருவர் ஒதுங்கிவிடுவதுதான் பெரிய இழப்பு. என் அக்காவுக்காக இந்த வழிகளை ஒவ்வொன்றாக அலசியவன் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அதை மறைக்காமல் சொல்லிக்கொண்டே போகிறேன்.

திரையா நேரா என்பதற்கு முன்னால்

ஓசிடி எப்படி ஓடுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒப்பீடு முழுக்க அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

வேண்டாத ஓர் எண்ணம் வருகிறது. கையில் கிருமி ஒட்டியிருக்கிறது, அடுப்பை அணைக்கவில்லை, குழந்தைக்கு நானே ஏதாவது செய்துவிடுவேனோ, கடவுளைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேனே என்று ஏதோ ஒன்று. பதற்றம் ஏறுகிறது. அதைத் தணிக்க ஒரு செயல் தேவைப்படுகிறது: கழுவுவது, திரும்பிப் போய்ப் பார்ப்பது, மனசுக்குள் எண்ணுவது, பக்கத்தில் இருப்பவரிடம் “ஒன்றும் ஆகாதில்லையா?” என்று கேட்பது. பதற்றம் இறங்குகிறது, கொஞ்ச நேரத்துக்கு. அரிப்பைச் சொறிகிற மாதிரிதான் இது: அப்போதைக்குச் சுகம், அடுத்த முறை அரிப்பு இன்னும் கூடுதல். அந்தச் செயல் எத்தனை முறை ‘காப்பாற்றுகிறதோ’, அத்தனை முறையும் ஆபத்து நிஜம்தான் என்று மூளை கற்றுக்கொள்கிறது.

இந்தச் சுழலை உடைப்பதற்கு மிக நன்றாகச் சோதிக்கப்பட்ட உளவியல் முறை ஈஆர்பி (ஆங்கிலத்தில் Exposure and Response Prevention). பயத்தைக் கிளப்பும் சூழலுக்குள் திட்டமிட்டுப் படிப்படியாகப் போக வேண்டும். போனபின், பதற்றத்தைத் தணிக்கும் அந்தக் கட்டாயச் செயலைச் செய்யாமல் இருக்க வேண்டும். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற பெரிய சிகிச்சைக் குடும்பத்தில் ஓசிடிக்கென்றே உருவான பகுதி இது. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்த விவரத்தை வெளியிட்டார். கழுவிக்கொண்டே இருந்தவரின் அறையில் தண்ணீர் வரத்தையே நிறுத்தி, பக்கத்தில் செவிலியர்களை வைத்துத்தான் அன்று அது சாத்தியமானது. பிறகு வந்தவர்கள் அதைக் கட்டாயமில்லாமல், நோயாளியின் சம்மதத்தோடு, படிப்படியாகச் செய்யும் முறையாக மாற்றினார்கள். 2005இல் எட்னா ஃபோவா குழு வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், தீவிரமான ஈஆர்பி எடுத்தவர்களில் 62 சதவீதம் பேரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. குளோமிப்ரமின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 42, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 70, மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 8 சதவீதம்.

இப்போது ஆன்லைனுக்கு வருவோம். என் பார்வையில் இந்த முடிவெடுப்புக்கு மிகவும் உதவும் ஆய்வு 2012இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. ஓசிடி உள்ள 101 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஈஆர்பியை மையமாகக் கொண்ட இணையப் பாடத்திட்டம், சிகிச்சையாளரின் செய்திகளோடு. இன்னொரு பாதிக்கு இணையம் வழியாகவே சிகிச்சையாளரோடு ஆதரவான உரையாடல். இருவருக்கும் 10 வாரம். முடிவில் முதல் குழுவில் 60 சதவீதம் பேரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். இரண்டாம் குழுவில் 6 சதவீதம். இரண்டு பக்கமும் திரைதான், இரண்டு பக்கமும் அக்கறையாகப் பதில் எழுதும் ஒரு சிகிச்சையாளர்தான். ஒரு பக்கம் பயிற்சி நடந்தது, இன்னொரு பக்கம் பேச்சு நடந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: ‘ஆன்லைன் பலிக்குமா?’ என்று கேட்பதற்கு முன்னால், ‘அங்கே நடக்கப்போவது ஈஆர்பியா?’ என்று கேளுங்கள். ஓசிடிக்குப் பழக்கப்படாத ஒருவரை நேரில் பார்ப்பதைவிட, ஓசிடியையே தொழிலாகப் பார்க்கும் ஒருவரை ஃபோனில் பார்ப்பது எவ்வளவோ மேல். ஃபோனில் என்று நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. 2006இல் கேரன் லவெல் குழு இங்கிலாந்தில் 72 பேரிடம் செய்த ஆய்வில், முகம்கூடப் பார்க்காமல் தொலைபேசியில், குறைவான நேரத்தில் நடத்திய சிகிச்சை நேரில் நடத்தியதற்குச் சமமான பலனைத் தந்தது.

வீடியோ: என் முதல் தேர்வு

ஓசிடி வாழும் இடம் வீடு. கிளினிக்கில் உட்கார்ந்து அடுப்பைப் பற்றிப் பேசலாம், ஆனால் அங்கே உங்கள் அடுப்பு இல்லை. உங்கள் பூட்டு இல்லை, உங்கள் குளியலறை இல்லை, எதிலும் படாமல் பத்திரமாக வைத்திருக்கும் அந்த ஒரு அலமாரியும் இல்லை. வீடியோவில் சிகிச்சையாளர் அங்கேயே வந்துவிடுகிறார். ஃபோனை அலமாரி ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, குப்பைத் தொட்டி மூடியைத் தொட்டு, அதே கையால் தலையணையைத் தொடலாம். காதில் இயர்ஃபோனோடு கதவை ஒரே முறை பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை நடக்கலாம். கூடவே அவர் குரல் வரும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு, இதை அதிகம் பேர் சொல்வதில்லை. ஓசிடி உள்ள பலரின் பயம் ‘என்னால் கெடுதல் நடந்துவிடும், பொறுப்பு என்னுடையது’ என்ற இடத்தில் இருக்கிறது. கிளினிக்கில் எதைத் தொட்டாலும், எதைச் சரிபார்க்காமல் விட்டாலும், ‘இது இவர்கள் இடம், இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று மனசு பொறுப்பை அவர்கள் மேல் போட்டுவிடும். பயிற்சி சுலபமாக முடியும், ஆனால் வீட்டுக்குப் போனதும் பயம் அப்படியே இருக்கும். சொந்த வீட்டில் செய்யும்போது அந்தத் தப்பித்தல் கிடைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீடியோவால்தான் ஓசிடியில் தேர்ந்த ஒருவர் கிடைக்கிறார். அப்படிப்பட்டவர்கள் எங்குமே குறைவு. பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்க்க முடியும் என்ற கட்டாயம் போய்விட்டால், தேர்வு சட்டென்று பெரிதாகிறது. எல்லை தாண்டிப் பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் இருக்கும் இடத்தில் சிகிச்சை தர அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பல நாடுகளில் உரிமம் அந்தந்த நாட்டோடு, சில இடங்களில் அந்தந்த மாநிலத்தோடு நின்றுவிடும்.

ஆதாரம் எப்படி? அமெரிக்காவில் நோசிடி என்ற நிறுவனம் வீடியோவில் ஈஆர்பி நடத்துகிறது. அங்கே சிகிச்சை பெற்ற 3,552 பேரின் விவரங்களை வைத்து 2022இல் வெளியான ஆய்வில், அறிகுறிகளின் அளவு நடுமதிப்பாக 43 சதவீதம் குறைந்தது. பெரிய எண்ணிக்கைதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, ஆய்வில் நிறுவனத்தின் பங்கும் உண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இதற்கு முன் வந்த சிறிய ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன.

சரி, குறைகள். கேமரா ஒரு சின்னச் சதுரத்தைத்தான் காட்டுகிறது. சதுரத்துக்கு வெளியே கால்விரலால் தரையை நான்கு முறை தட்டினால் சிகிச்சையாளருக்குத் தெரியாது. மனசுக்குள் ஓடும் செயல்கள், அதாவது எண்ணுவது, ஜெபிப்பது, நடந்ததை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் நேரிலும் தெரியாதுதான். ஆனால் நேரில் முகம் மாறுவதைக் கண்டுபிடிக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம். நல்ல சிகிச்சையாளர் இதை ஊகித்துக்கொண்டு, “இப்போது உள்ளே என்ன ஓடுகிறது?” என்று அடிக்கடி கேட்பார். நீங்களும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கும். அமர்வுக்கு முன்னால் ஃபோனைத் துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவே ஒரு பயிற்சியாக மாறும்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது திரை உறைந்துபோனால், கை தானாகக் குழாய்க்குப் போகும். ‘இணைப்பு போனாலும் பயிற்சி தொடரும், கழுவுவது கிடையாது, ஃபோனில் கூப்பிடுவேன்’ என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால் போதும்.

தனியறை இல்லாததுதான் பெரிய சிக்கல். குழந்தையைப் பற்றிப் பயங்கரமான எண்ணம் வரும் ஒரு தாய், கணவரும் மாமியாரும் பக்கத்து அறையில் இருக்கும்போது எப்படி வாய்விட்டுப் பேசுவார்? சிலர் காரில் உட்கார்ந்து பேசுகிறார்கள். சிலர் மற்றதை வாயால் பேசி, சொல்ல முடியாத வார்த்தைகளை மட்டும் திரையில் தட்டச்சு செய்கிறார்கள். இதுவும் முடியாத வீடு என்றால், நேரில் போவதே சரி.

துணையோடு ஒரு இணையப் பாடத்திட்டம்

இதில் நேரடி உரையாடல் குறைவு. வாரம் ஒரு பகுதியைப் படித்து, பயிற்சியைச் செய்து, என்ன நடந்தது என்று எழுதி அனுப்புவீர்கள். சிகிச்சையாளர் படித்துவிட்டுப் பதில் எழுதுவார், திருத்துவார், அடுத்த படிக்குத் தள்ளுவார். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் வளர்ந்த ஓசிடி-நெட் இந்த வகையில் அதிகம் ஆராயப்பட்டது. சிகிச்சையாளரின் நேரம் மிகக் குறைவாகத்தான் செலவாகும் என்பதால், பொது மருத்துவ அமைப்புகளுக்கு இது பிடித்திருக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் இடங்களில் இது பெரிய விஷயம்.

நேரில் பார்ப்பதோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால்? 2022இல் வெளியான ஸ்டாக்ஹோம் ஆய்வு அதைத்தான் செய்தது. 120 பேர், மூன்று குழு: நேரில், துணையோடு இணையத்தில், துணையில்லாமல் இணையத்தில். ஓசிடியின் கடுமையை அளக்க யேல்-பிரவுன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. வெய்ன் குட்மன் குழு 1989இல் வெளியிட்டது, 0 முதல் 40 வரை போகும். அந்த அளவில், துணையோடு செய்தவர்கள் நேரில் பார்த்தவர்களைவிடச் சராசரியாக 2 புள்ளி மட்டுமே பின்தங்கினார்கள். துணையில்லாமல் செய்தவர்கள் 5 புள்ளிக்கும் மேல் பின்தங்கினார்கள். மூன்று குழுவிலும் முன்னேற்றம் இருந்தது. ஆனால் துணையோடு செய்வது நேரில் பார்ப்பதற்குச் சமம் என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

என் கணிப்பு: எழுத்தில் படித்துப் புரிந்துகொள்வதும், தனக்குத்தானே கெடு வைத்துக்கொள்வதும் இயல்பாக வரும் ஆட்களுக்கு இது நல்ல வழி. லேசான, நடுத்தர ஓசிடிக்குப் பொருந்தும். ஆனால் ‘சரியாகப் படித்தேனா’ என்ற சந்தேகத்தில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பதே ஒருவருடைய ஓசிடி என்றால், வாரப் பாடம் அவருக்கு வதையாகிவிடும். அவருக்கு வீடியோதான்.

குழந்தைகள் விஷயத்தில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. 2021இல் ஸ்வீடனில் 152 சிறுவர் சிறுமியரிடம் நடந்த ஆய்வில், ஒரு குழுவுக்கு முதலில் இணையப் பாடத்திட்டம் கொடுத்து, அதில் தேறாதவர்களை மட்டும் நேரில் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, முதலிலிருந்தே நேரில் பார்த்த குழுவுக்கு இந்தக் குழு குறைந்துபோகவில்லை. பெரியவர்களும் இந்த வரிசையைப் பின்பற்றலாம். குறைவானதில் தொடங்கி, போதவில்லை என்றால் அடுத்ததற்குப் போவது. போதவில்லை என்று முடிவு செய்வதற்கான தேதியை மட்டும் தொடங்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆப் மட்டும்

ஒரு நல்ல ஈஆர்பி ஆப், சிகிச்சையாளரோடு சேர்ந்து பயன்படுத்தும்போது அருமையான நோட்டுப் புத்தகம். பயிற்சிகளைக் குறிக்கலாம், பதற்றம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். அது மட்டுமே போதும் என்று நம்பிப் போனால், பெரும்பாலானவர்கள் முதல் கடினமான படியில் நின்றுவிடுவார்கள். அங்கேதான் ஒரு மனிதர் தேவைப்படுகிறார். காத்திருக்கும் வாரங்களில் ஆப்பைத் தொடங்குவது நல்லது, ஆனால் காத்திருக்கும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள்.

சாட்: இங்கேதான் கவனம் வேண்டும்

மனச்சோர்வு, உறவுச் சிக்கல், வேலை அழுத்தம் போன்றவற்றுக்கு எந்த நேரமும் செய்தி அனுப்பலாம் என்ற ஏற்பாடு ஒரு வரமாக இருக்கலாம். ஓசிடிக்கு அது அப்படியே நேரெதிராகத் திரும்பும்.

ஒருவர் இரவு 11 மணிக்கு எழுதுகிறார்: “இன்று காரில் வரும்போது ஒரு சத்தம் கேட்டது. யாரையாவது இடித்திருப்பேனோ?” அக்கறையுள்ள கவுன்சலர் பதில் சொல்கிறார்: “இடித்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் நல்ல மனிதர், கவலைப்படாதீர்கள்.” படித்ததும் நிம்மதி. 20 நிமிடம் கழித்து: “ஆனால் நான் கண்ணாடியில் சரியாகப் பார்க்கவில்லையே?” இங்கே நடப்பது சிகிச்சை அல்ல. ஆறுதல் கேட்பது என்பதே ஒரு கட்டாயச் செயல், கை கழுவுவதைப் போலவே. சாட் அதற்கு 24 மணி நேரமும் திறந்திருக்கும் குழாயாகிவிடுகிறது. கவுன்சலர் கெட்டவர் அல்ல, அன்பானவர்தான். ஓசிடியைப் பற்றிப் படிக்காத அன்பு இங்கே நோயின் பக்கம் வேலை செய்துவிடுகிறது.

ஓசிடி தெரிந்தவர் அதே செய்திக்கு வேறு விதமாகப் பதில் எழுதுவார். “இது ஓசிடி கேட்கும் கேள்வி மாதிரி இருக்கிறது. இடித்திருக்கலாம், இடிக்காமலும் இருக்கலாம். இன்று அந்தச் சந்தேகத்தோடேயே தூங்கப் போங்கள். காரில் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டாம். நாளை அமர்வில் பேசுவோம்.” படிக்கும்போது இது கொஞ்சம் கடுமையாகத்தான் தெரியும். ஆனால் நோயாளிக்கு இது தரும் மரியாதை பெரியது: சந்தேகத்தைத் தாங்கும் வலிமை உங்களுக்கு இருக்கிறது என்று நம்புகிறவர்தான் இப்படி எழுத முடியும்.

ஏஐ சாட்பாட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் அழுத்தமாக. அது களைப்பதில்லை, சலிப்பதில்லை, ஒரே கேள்வியை நூறு விதமாகக் கேட்டாலும் நூறு முறையும் பொறுமையாகப் பதில் சொல்லும். ஓசிடிக்கு இதைவிட வசதியான ஆறுதல் இயந்திரம் இருக்க முடியாது. பயிற்சிப் பட்டியல் தயாரிக்க, ஈஆர்பி பற்றிப் புரிந்துகொள்ளப் பயன்படுத்தலாம். ‘நான் அப்படிப்பட்டவனா?’ என்ற கேள்வியை மட்டும் அதனிடம் கேட்காமல் இருக்கப் பழகுவதே ஒரு பயிற்சி.

இந்தப் பெரிய கவுன்சலிங் தளங்களில் அந்தரங்க விவரங்களையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது; 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. எந்தத் தளமாக இருந்தாலும், சேரும்போது நிரப்பச் சொல்லும் கேள்வித்தாளில் உங்கள் எண்ணங்களின் விவரத்தை எழுதத் தேவையில்லை. அதைச் சிகிச்சையாளரிடம் நேரடியாகச் சொன்னால் போதும்.

நேரில் போவதே சரி என்னும் நிலைமைகள்

சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஆன்லைன் தேடலை நிறுத்திவிட்டு இன்றே நேரில் ஒரு மருத்துவரையோ அவசரப் பிரிவையோ பாருங்கள். சாப்பாடு, தண்ணீர், தூக்கம் குறைந்து உடல் தேய்கிற அளவுக்குக் கட்டாயச் செயல்கள் பிடித்துக்கொண்டால் அதுவும் நேரில்தான். குடிப்பழக்கமோ வேறு போதையோ கூட இருந்தாலும் அப்படியே. ஒரு குழந்தையிடம் ஓரிரு நாளில் திடீரென்று ஓசிடி அறிகுறிகள் வந்து எல்லாம் மாறிப்போனால், உடல்ரீதியான காரணங்களைப் பார்க்கக் குழந்தை மருத்துவர் தேவை.

யேல்-பிரவுன் அளவில் 16 முதல் 23 வரை நடுத்தரம், 24 முதல் 31 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை என்று வைத்திருக்கிறார்கள். மிகக் கடுமை என்ற இடத்தில் இருப்பவருக்கு வாரம் ஒரு வீடியோ அழைப்பு போதாது. வாரத்தில் பல அமர்வுகள் உள்ள தீவிரத் திட்டம் வேண்டும். நார்வேயின் பெர்கன் நகரில் கெர்ட் குவாலேவும் பியார்னே ஹான்சனும் உருவாக்கிய, நான்கே நாளில் ஈஆர்பியைச் செறிவாக நடத்தும் முறை இந்த வகையில் பெயர் பெற்றது.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. இது ஈஆர்பிக்குப் போட்டி இல்லை. செர்ட்ரலின், ஃப்ளூக்செடின், ஃப்ளூவாக்சமின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் (மனச்சோர்வுக்கும் தரும் வகை) ஓசிடியில் வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவும் பெரும்பாலும் தேவைப்படும். மூன்றாம் வாரமே ‘பலிக்கவில்லை’ என்று நிறுத்துவது பரிதாபம். மாத்திரை எடுத்தும் பாதிதான் தேறியவர்களுக்கு ஈஆர்பியைச் சேர்ப்பது எவ்வளவு உதவும் என்பதை ஹெலன் பிளேர் சிம்ப்சன் குழு 2013இல் காட்டியது: ஈஆர்பி சேர்த்தவர்களில் 80 சதவீதம் பேர் தேறினார்கள், இன்னொரு மருந்தான ரிஸ்பெரிடோன் சேர்த்தவர்களில் 23 சதவீதம். எனவே மாத்திரையை மனநல மருத்துவரிடம் நேரிலும், ஈஆர்பியை வீடியோவிலும் வைத்துக்கொள்வது நியாயமான ஏற்பாடு. இருவரும் ஒருவரோடு ஒருவர் பேச நீங்கள் எழுத்தில் அனுமதி கொடுத்துவிடுங்கள்.

முதல் அழைப்பில் என்ன கேட்பது

“ஈஆர்பி செய்வீர்களா?” என்று மட்டும் கேட்டால் பலரும் ஆம் என்பார்கள். “முதல் நான்கு அமர்வில் என்னென்ன நடக்கும்?” என்று கேளுங்கள். தேர்ந்தவர் பதிலில் விவரம் இருக்கும்: அளவுகோலை வைத்து மதிப்பீடு, பயங்களின் படிநிலைப் பட்டியல், அமர்வுக்குள்ளேயே முதல் பயிற்சி, தினமும் வீட்டுப் பயிற்சி. ஆழ்ந்த மூச்சு, நல்லதையே நினைப்பது, எண்ணம் வரும்போது கையில் ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டு ‘நிறுத்து’ என்று சொல்வது என்று பதில் வந்தால், நன்றி சொல்லி விடைபெறுங்கள். எண்ணத்தை அடக்க முயன்றால் அது அதிகமாகத் திரும்பி வரும்.

அப்புறம், “எனக்கு வெளியே தெரிகிற செயல் எதுவும் இல்லை, எல்லாம் மனசுக்குள்தான், எப்படிச் செய்வீர்கள்?” என்று கேளுங்கள். மன அளவில் நடக்கும் கட்டாயச் செயல்களைக் கண்டுபிடிப்பது பற்றியும், பயத்தை எழுதிப் படிக்கும் பயிற்சி பற்றியும் பேசினால் நல்ல அறிகுறி.

வன்முறை, பாலியல், தெய்வ நிந்தனை சம்பந்தமான எண்ணங்கள் இருந்தால், அவற்றில் ஒன்றை முதல் அழைப்பிலேயே மேலோட்டமாகச் சொல்லிப் பாருங்கள். சிகிச்சையாளர் முகம் சுளித்தால், அல்லது உங்களை ஆபத்தானவராகப் பார்க்கத் தொடங்கினால், அவர் ஓசிடி பார்த்தவர் அல்ல. 1978லேயே ராக்மனும் டி சில்வாவும் ஓசிடி இல்லாத சாதாரண மனிதர்களிடம் கேட்டபோது, சுமார் 80 சதவீதம் பேர் தங்களுக்கும் இப்படிப்பட்ட வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். இது தெரிந்தவர் பதறமாட்டார். அக்கா இந்த இடத்தில்தான் முதன்முறையாக மூச்சு விட்டாள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

“வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?” என்பதும் முக்கியமான கேள்வி. அக்காவுக்காகக் கதவைச் சரிபார்ப்பது, கேட்கும்போதெல்லாம் ‘ஒன்றும் ஆகாது’ என்பது, தனி சோப்பு தனித் துண்டு என்று ஏற்பாடு செய்து கொடுப்பது, இதையெல்லாம் நாங்கள் பாசத்தால் செய்துகொண்டிருந்தோம். இவற்றை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து போடும் அட்டவணைப்படி ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். வீடியோவில் குடும்பத்தாரைப் பத்து நிமிடம் கூப்பிட்டு உட்கார வைப்பது சுலபம். இதைச் செய்யும் சிகிச்சையாளரை நான் மற்றவரைவிட மேலாக வைப்பேன்.

ஐசிபிடி (சந்தேகம் எப்படிப் பிறக்கிறது என்று அலசுவது), ஏசிடி (எண்ணங்களை ஏற்றுக்கொண்டே வாழப் பழகுவது) என்ற வேறு சிகிச்சைகளின் பெயர்களும் காதில் விழும். ஈஆர்பியை முயன்று தாங்க முடியாமல் விட்டவர்களுக்கு அவை நல்ல மாற்று வழிகளாக இருக்கக்கூடும். ஆதாரத்தின் அளவில் ஈஆர்பிதான் இன்னும் முன்னால் நிற்கிறது.

எந்த வழியில் தொடங்கினாலும், முதல் வாரமே யேல்-பிரவுன் மதிப்பெண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆறாவது வாரம் மறுபடி அளந்து பாருங்கள். ஆய்வுகளில் 35 சதவீதம் குறைந்தால்தான் சிகிச்சை பலித்ததாகக் கணக்கு. ஆறு வாரத்தில் அவ்வளவு இறங்க வேண்டும் என்றில்லை. ஆனால் ஒரு புள்ளிகூட அசையாமல், பயிற்சிகளும் நடக்காமல், அமர்வுகள் வாரச் செய்தி பேசுவதிலேயே கழிந்திருந்தால், சிகிச்சையாளரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்; அடுத்த நான்கு வாரத்துக்கு என்ன மாறும் என்று கேளுங்கள். திருப்தியான பதில் வரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், ஈஆர்பியை விட்டுவிடாதீர்கள். வழக்கமாக 12 முதல் 20 அமர்வு வரை ஆகும். முடிந்தபிறகும் மாதத்துக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று சின்ன அமர்வுகளைத் தொடரச் சொல்லிக் கேளுங்கள். நேரில் பார்த்துத் தேறியவர்கள்கூட இந்தப் பகுதியை வீடியோவுக்கு மாற்றிக்கொள்ளலாம்; பயணம் இல்லை என்பதால் தள்ளிப்போடக் காரணமும் குறைவு.